கண்டவர் சொல்லும் கேளாத செவியும்

சிலப்பதிகாரம் பிறந்த கதையை அந்நூலின் பதிகமே சொல்கிறது. ஒரு முலை இழந்த நங்கை ஒருத்தி வேங்கை மர நிழலில் நின்றதையும், பின்னர்த் தன் கணவனோடு விண்ணகம் புகுந்ததையும் குன்றக் குறவர் கண்டனர். கண்டதைத் தமக்குள் வைத்துக்கொள்ளாமல், குணவாயிற் கோட்டத்தில் இருந்த இளங்கோவடிகளிடம் வந்து உரைத்தனர். அருகிருந்த சாத்தனார், அவள் யார், அவளுக்கு நேர்ந்த கொடுமை யாது என்பதை விளக்கினார். மதுரை வெள்ளியம்பலத்தில் நள்ளிரவில் கிடந்தபோது மதுராபதித் தெய்வத்தின் சொல்லைத் தம் செவியாலேயே கேட்டவர் அவர். அடிகள் கேட்டார், எழுதினார். பாண்டிய நாட்டில் எரிந்த தீயைப் பற்றிய காப்பியம் சேர நாட்டில் எழுந்தது இவ்வாறுதான். கண்டவர் சொல்ல ஒருவர் இருந்தார். கேட்டு எழுத ஒருவர் இருந்தார்.

அதே சேர நாட்டில் இன்று வாழும் தமிழர் நாம். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறோம். ஆண்டுதோறும் சிலம்பைப் பற்றிச் சொற்பொழிவு கேட்கிறோம். ஆயினும் கண்டவர் சொல்லைக் கேட்டு எழுதி வைக்கும் வழக்கத்தை நாம் கைவிட்டுவிட்டோம். இதுவே என் குற்றச்சாட்டு. இதைக் கடுமையான சொற்களில் கூற வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

இரு தீக்கள்

மதுரையை எரிக்கத் தீக்கடவுளை ஏவிய கண்ணகி, முதியோரையும் குழந்தைகளையும் அறவோரையும் விட்டுவிட்டுத் தீயோர் பக்கமே செல்லுமாறு கட்டளையிட்டாள். சினத்தின் உச்சியிலும் அவளுக்கு அந்த நினைவு இருந்தது. அதற்கும் முன்னர், போர் தொடங்குமுன் பெண்டிரும் பிணியுற்றோரும் பாதுகாப்பான இடம் தேடிக்கொள்ளுமாறு அறிவிக்கும் பாண்டிய மன்னனை நெட்டிமையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார்.

1945 ஆகஸ்ட் 6 அன்று காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவில் விழுந்த தீக்கு இத்தகைய கட்டளை எதுவும் இடப்படவில்லை. மூன்று நாள் கழித்து, முற்பகல் 11.02 மணிக்கு நாகசாகியில் விழுந்த தீக்கும் அவ்வாறே. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேரும் நாகசாகியில் ஏறத்தாழ 74,000 பேரும் இறந்தனர் என்பது மதிப்பீடு. ஹிரோஷிமாவில் அன்று காலை தெருக்களில் வீடுகளை இடித்துத் தீத்தடுப்பு வெளி அமைக்கும் பணிக்கு வரவழைக்கப்பட்டிருந்த பள்ளி மாணவ மாணவியரில் மட்டும் ஆறாயிரம் பேர் அளவில் மாண்டனர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அவர்கள்.

இந்த எண்களை நாம் அறிவோம். பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் எண்ணை அறிவது வேறு, சாட்சியைக் கேட்பது வேறு. எண்ணை மட்டும் அறிந்தவன் அடுத்த நொடியில் இனிப்பு வழங்கவும் கூடும். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுகள் வெடித்துச் சோதிக்கப்பட்டபோது நாட்டின் பல இடங்களில் வழங்கினார்கள் அன்றோ? முதல் வெடிப்பு நிகழ்ந்த மே 11 புத்த பூர்ணிமை நாள். 1974இல் நடந்த முதற் சோதனைக்கோ, சிரிக்கும் புத்தர் என்றே மறைபெயர். மணிமேகலையின் கையில் பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபியைக் கொடுத்த மரபினர் நாம். அந்தப் பெயரை அந்த வெடிக்குச் சூட்டியபோது நம்மில் எத்தனை பேருக்கு நெஞ்சு சுட்டது?

நாட்டின் காவலுக்கு அணுகுண்டு வேண்டும் என்று வாதிடுவோர் இருக்கின்றனர். அவர்கள் வாதிடட்டும். ஆனால் அந்தத் தீக்குள்ளிருந்து எழுந்து வந்தவர் சொன்னதைப் படித்துவிட்டு வந்து வாதிடட்டும். அது நியாயமான நிபந்தனைதான்.

தடைகளுக்கு நடுவே எழுதப்பட்ட நூல்கள்

ஜப்பானியர் இந்நூல்களை எளிதாக எழுதிவிடவில்லை. 1945 செப்டம்பரில் நேச நாட்டுப் படை ஆட்சி அச்சுக்குக் கட்டுப்பாடு விதித்தது; அது 1949 வரை நீடித்தது. அணுகுண்டைப் பற்றி எழுதுவோர் தணிக்கையாளரின் கையைக் கடந்தே வாசகரை அடைய வேண்டியிருந்தது. எழுத்தாளர் ஓத்தா யோகோ பிணங்களின் நகரைப் பற்றி 1945 இலையுதிர் காலத்திலேயே எழுதி முடித்தார். 1948இல் அது பகுதிகள் நீக்கப்பட்டே வெளிவந்தது. முழு நூல் வந்தது 1950இல். ஷோதா ஷினோயே என்ற பெண்மணி தம் குறும்பாடல்களை 1947இல் இரகசியமாக அச்சிட்டு, நம்பகமானவர்களுக்குக் கைமாற்றி வழங்கினார். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஹெர்சி ஹிரோஷிமாவில் உயிர் தப்பிய ஆறு பேரின் வரலாற்றை எழுதினார். 1946 ஆகஸ்டில் நியூயார்க்கர் இதழ் ஒன்று முழுவதும் அந்தக் கட்டுரைக்கே ஒதுக்கப்பட்டது. அமெரிக்கர் 1946இல் படித்த அந்த வரலாறு, அதை அனுபவித்த மக்களின் மொழியில் 1949இல்தான் வெளிவந்தது!

மருத்துவர் ஹாச்சியா மிச்சிஹிகோவின் நாட்குறிப்பை எடுத்துக்கொள்வோம். ஹிரோஷிமாவில் ஒரு மருத்துவமனையின் தலைவர் அவர். தாமே உடலெங்கும் காயமுற்று, தம் மருத்துவமனையிலேயே நோயாளியாகக் கிடந்து, ஆகஸ்ட் 6 முதல் செப்டம்பர் 30 வரை எழுதினார். அவர் மேதை போல எழுதவில்லை, அறியாதவராக எழுதினார். இரத்தக் கழிச்சல் கண்டவர்களைப் பார்த்துச் சீதபேதி என்று ஐயுற்றுத் தனியே பிரித்து வைத்தார். காயம் ஏதுமின்றித் தப்பியவர்கள் சில நாள் கழித்துத் தோலில் செம்புள்ளிகள் தோன்றி, தலைமயிர் உதிர்ந்து இறந்தபோது காரணம் தெரியாமல் திகைத்தார். நுண்நோக்கி வந்து சேர்ந்த பின்னரே, நோயாளிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் அருகிப்போயிருப்பதைக் கண்டார். கதிர்வீச்சு என்ற சொல் ஒரு மனிதனின் அறிவுக்குள் எவ்வளவு துன்பத்தோடு நுழைந்தது என்பதை அந்த நாட்குறிப்பைப் போல எந்த அறிவியல் நூலும் காட்டாது.

ஒசாதா அராத்தா என்ற கல்வியறிஞர், குண்டுவீச்சில் தப்பிய பிள்ளைகளை எழுதச் செய்து, 105 பேர் எழுதியவற்றை 1951இல் நூலாக்கினார். ஆறு வயதில் ஒரு பள்ளியின் மதிற்சுவர் மறைத்ததால் உயிர் பிழைத்த நகசாவா கெய்ஜி, தந்தையையும் தமக்கையையும் தம்பியையும் எரியும் வீட்டிற்குள் இழந்தவர். 1973 முதல் அதைச் சிறுவர் படக்கதையாக வரைந்தார். 1974இல் முதியவர் ஒருவர் தாம் கண்ட காட்சியை ஓவியமாகத் தீட்டி ஹிரோஷிமா ஒலிபரப்பு நிலையத்துக்குக் கொண்டு சென்றார். நிலையத்தார் மற்றவர்களையும் வரைந்து அனுப்புமாறு வேண்டினர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்கள் வந்து குவிந்தன. எழுதத் தெரியாதவரும் சாட்சி சொல்ல வழி கண்டனர்.

இந்தச் சொற்களின் வலிமையைத்தான் உலகம் 2024இல் ஏற்றுக்கொண்டது. 1956இல் தோன்றிய தப்பியோர் கூட்டமைப்பான நிஹோன் ஹிடான்கியோவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்குள் ஹிபாகுஷா எனப்படும் அம்மக்களின் தொகை அருகிவிட்டது. 2025 மார்ச் இறுதியில் அது முதன்முறையாக ஓர் இலட்சத்துக்குக் கீழே இறங்கியது. அவர்களின் சராசரி வயது 86ஐக் கடந்துவிட்டது. ஆளில்லாமற் போகும் நாளுக்கு அவர்கள் நூல்களை ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார்கள்.

நம்மவர் சொல்லும் மறுப்பு

நிற்க. இங்கே ஒரு மறுப்பு எழும். மலேயாவிலிருந்து திரும்பிய குடும்பங்களில் அதை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ‘ஜப்பான்காரன் நம்மவரை எவ்வளவு கொன்றான்? குண்டு விழுந்ததால்தானே அவன் பணிந்தான்? குண்டு விழுந்ததால்தானே எஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள்? அவனுடைய அழுகையை நாம் ஏன் படிக்க வேண்டும்?’

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சம் பேர் அளவில் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் மிகப் பலர். கூலியும் அரிசியும் தருவதாகச் சொல்லி முதலில் அழைத்தனர்; பின்னர் வலிந்து பிடித்தனர். 1943இல் காலரா முகாம் முகாமாக வாரிக்கொண்டு போனது. இறந்த ஆசியத் தொழிலாளரின் தொகை ஓர் இலட்சத்தை நெருங்கும் என்பார் உண்டு. துல்லியமான கணக்கை எவரும் வைக்கவில்லை. எஞ்சியோரின் விடுதலை 1945 ஆகஸ்டில் வந்தது என்பதும் உண்மையே.

ஆயினும் இந்த மறுப்பில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. சயாம் காட்டில் நம்மவர் முதுகில் பிரம்பால் அடித்தவன் வேறு. ஹிரோஷிமாத் தெருவில் ஓடு பொறுக்கிக்கொண்டிருந்த பள்ளிச் சிறுமி வேறு. அவளை எரித்த தீயில் அவன் எரியவில்லை. அந்த நகரில் எரிந்தவருள் ஜப்பானியப் பேரரசு அடிமைப்படுத்தி வேலைக்குக் கொண்டுவந்த கொரிய மக்களும் பல்லாயிரவர். அதாவது, சயாமில் நம்மவர் இருந்த நிலையில் ஹிரோஷிமாவில் இருந்தவர்கள். அவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் 1970இல் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் இடம் பெற்றது. 1999இல்தான் உள்ளே வந்தது. ஜப்பானியரும் தம் செவியை எல்லோருக்கும் ஒருபோல் திறந்து வைக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

ஒரு துயரைக் கொண்டு இன்னொரு துயரின் வாயை அடைக்கும் தந்திரம் புதியதன்று. நாகசாகியில் கதிரியல் மருத்துவராக இருந்த நாகாய் தகாஷி, மனைவியைக் குண்டுக்கு இழந்து, தாம் படுக்கையில் கிடந்து எழுதிய நூல் ‘நாகசாகியின் மணிகள்’. அதை வெளியிட ஆட்சியாளர் ஒரு நிபந்தனை விதித்தனர்: மணிலாவில் ஜப்பானியப் படை செய்த படுகொலையைப் பற்றிய அறிக்கையையும் அதே நூலில் சேர்த்து அச்சிட வேண்டும். அவ்வாறே 1949இல் அது வெளிவந்தது. மணிலாப் படுகொலை பொய்யன்று. 1945இல் அந்நகரில் ஓர் இலட்சம் பொதுமக்கள் அளவில் மாண்டனர். அவர்களுடைய சாட்சிக்குத் தனி நூல் வேண்டும், தனி மதிப்பு வேண்டும். நாகசாகியின் அழுகுரலை ஈடுகட்டும் எடைக்கல்லாக அவர்களைத் தராசில் வைத்தது மணிலாவுக்கும் செய்த அவமதிப்பே. சயாம் பாதையில் மாண்ட நம் உறவினரை அதே எடைக்கல்லாகத் தூக்கி வைக்கும்போது நாமும் அந்தத் தணிக்கையாளரின் வேலையைத்தான் செய்கிறோம்.

நம் அடுக்கில் இருப்பவை எத்தனை?

சயாமை எடைக்கல்லாக்கும் நாம் சயாமையாவது எழுதி வைத்தோமா? அந்தப் பாதையில் உழைத்த வெள்ளைப் போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர். இறந்தோர் 12,000க்கு மேற்பட்டோர். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. பிழைத்து வந்தவர் எழுதிய நூல்கள் ஓர் அலமாரியை நிரப்பும். 1957இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படம் இலங்கைக் காட்டில் படமாக்கப்பட்டது. அதில் அந்தப் பாதைக்காக மாண்ட தமிழனுக்கு இடமில்லை.

தமிழில்? ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ உண்டு, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ உண்டு. இரண்டும் மலேசியத் தமிழர் தந்த நாவல்கள். பர்மாவிலிருந்து 1942இல் மனைவியோடு நடந்தே தாயகம் வந்த வெ. சாமிநாத சர்மாவின் வழிநடைப் பயண நூல் நமக்குக் கிடைத்த அரிய செல்வம். அவர் பத்திரிகையாசிரியர், எழுதத் தெரிந்தவர். அவரோடு அதே பாதையில் நடந்த கூலித் தொழிலாளியின் சொல் எங்கே? தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போய், கணவனையும் பிள்ளையையும் அங்கே புதைத்துவிட்டு வந்த தாயின் சொல் எங்கே? போரில் வீழ்ந்த வீரனுக்குப் பெயரும் பீடும் பொறித்து நடுகல் எடுத்த இனம் இது. கூலிக்காரனுக்குக் கல்லும் எடுக்கவில்லை, ஏடும் எடுக்கவில்லை.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது உலகத் தமிழர் அனைவரும் கண்ணீர் விட்டோம். பிறர் வைத்த தீயில் நூல் எரிந்தால் துடிக்கிறோம். நம் அசட்டையால் எழுதப்படாமலே போன நூல்களுக்கு எவரும் துடிப்பதில்லை.

‘திருவனந்தபுரத்தில் இருக்கும் நமக்கும் அணுகுண்டுக்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்பாரும் உளர். 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். முதலில் அது காஸ் விளக்கு வலைக்குப் பயன்பட்டது. அணு யுகம் பிறந்ததும், அதிலுள்ள தோரியத்தின் பொருட்டு உலக வல்லரசுகளின் பார்வை அந்த மணல்மேல் விழுந்தது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் பிரிட்டனோடும் டெல்லியோடும் நடத்திய பேரங்களில் அந்த மணலும் ஒரு துருப்பு. ஹிரோஷிமாவை எரித்தது நம் மணல் அன்று, அது யுரேனியம். ஆனால் அணுவின் வரலாறு நம் வாசற்படியைத் தொடாமற் போகவில்லை. தும்பாவில் 1963இல் ஏவுகணை மேலெழுந்த நாள் முதல் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் சோறும் அறிவியல் நிலையங்களிலிருந்தே வருகிறது. அதில் நமக்குப் பெருமை உண்டு. அறிவியலைத் தொழிலாகக் கொண்ட வீட்டில், அறிவியல் செய்யக்கூடிய கேட்டைக் கண்டவரின் நூலொன்றும் இருக்க வேண்டாமா?

இன்னும் சிலர், ‘இவை இலக்கியமா? வெறும் புலம்பல் அன்றோ?’ என்பர். கையறுநிலை என்று புலம்பலுக்கே ஒரு துறை வகுத்த மொழியில் பிறந்துகொண்டு இவ்வாறு கேட்பது வியப்பே. பாரியை இழந்த மகளிரின் புலம்பலை நீக்கிவிட்டால் புறநானூற்றில் எவ்வளவு ஒளி குறையும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

என் பங்குக் குற்றம்

பிறரை மட்டும் குறை கூறி முடிப்பது அறமன்று. என் பாட்டாவின் தம்பி கோட்டாற்றிலிருந்து மலேயாவுக்குப் பால்மரம் சீவப் போனவர். 1946இல் தனியாகத் திரும்பினார். இடக்காலின் முன்னெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. சிறுவர்கள் நாங்கள் கேட்டால், ‘சயாமிலே கிடைச்ச கூலி’ என்பார். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது ஊரெல்லாம் மகிழ்ந்தது. சின்னப் பாட்டா மட்டும் ஒருநாளும் அதில் ஏறவில்லை. முழங்கால் வலியோடு தம்பானூர் பஸ் நிலையத்தில் மணிக்கணக்கில் காத்திருந்து பஸ்ஸிலேயே ஊருக்குப் போவார். கிழவரின் பிடிவாதம் என்று நாங்கள் சிரித்தோம்.

அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, வெள்ளைப் போர்க்கைதி ஒருவர் எழுதிய ஆங்கில நூலில், முகாம்களில் மூங்கில் கீறிய காயம் புண்ணாகி எலும்பு தெரியும்வரை அரித்ததையும், மயக்கமருந்து இல்லாமல் கரண்டியால் அழுகலைச் சுரண்டி எடுத்ததையும் படித்தேன். என் வீட்டுத் திண்ணையில் இருபது ஆண்டுகள் அமர்ந்திருந்தவரின் காலை, கடல் கடந்த ஒருவர் எழுதிய நூலைக் கொண்டுதான் நான் அறிந்துகொண்டேன். நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பாரோ மாட்டாரோ, அறியேன். நான் கேட்கவில்லை என்பது மட்டும் உறுதி.

செய்யத்தக்கது

சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, ஆகஸ்ட் 6 அன்று நாடாளுமன்றம் எழுந்து நின்று மௌனம் காத்ததுண்டு. நாம் மௌனத்தோடு நில்லாமல், ஆண்டுதோறும் அன்று தப்பியோர் சாட்சி ஒன்றைத் தமிழில் உரக்கப் படிப்போம். மொழிபெயர்க்க வல்லவர் நம்மிடையே உள்ளனர். இரண்டாவது, மலருக்கு விளம்பரம் சேர்க்கச் செல்லும் இளைஞர்கள் அதே வீடுகளில் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லட்டும். பர்மாவிலிருந்து பெற்றோர் தோளில் வந்தவர், மலேயாவில் தந்தையைச் சயாமுக்குக் கொடுத்தவர், இலங்கையிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்தவர் யாவரும் இன்று எண்பதையும் தொண்ணூறையும் தொட்டவர்கள். மூன்றாவது, நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் மலரில் ஒதுக்கும் பக்கங்களில் பத்தில் ஒன்றை அந்தச் சொற்களுக்கு ஒதுக்குவோம்.

வாசகருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இந்த மலரை மூடி வைத்ததும், வீட்டிலுள்ள மூத்தவரின் அருகே சென்று அமருங்கள். ‘அந்த நாளில் என்ன கண்டீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் பேசத் தொடங்கினால் இடைமறிக்காதீர்கள். கையில் பேனா இருக்கட்டும்.